புங்கனேரியின் மாங்கிளைக் கட்டுகள்

1967 ஜூலை 3. புங்கனேரி மீன்குத்தகை, மூன்று வருடத்துக்கு. வடபாதி ரூ. 340. தென்பாதி ரூ. 325.
1968 மார்ச் 1. சாமியார் பங்களாவுக்குத் தென்பாதி விரால். ரூ. 14.
1968 மார்ச் 18. மனு எழுதிய கூலி ரூ. 1. ஸ்டாம்பு 50 பைசா.
1969 பிப்ரவரி 21. சாமியார் பங்களாவுக்கு வடபாதி விரால். ரூ. 19.

நாகரசம்பட்டிக்கு வடக்கே இருக்கிறது புங்கனேரி. ஏரியின் நடுவில் ஒரு கரும்பாறை. பாறைக்கு வடக்கே மீன் பிடிக்கும் உரிமை சூசைக்கு, தெற்கே திம்மராயனுக்கு. சூசைக்கு அப்போது முப்பத்து நான்கு வயது; அவன் அப்பாவும் தாத்தாவும் இதே ஏரியில் வலை போட்டவர்கள். திம்மராயனுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர் மாந்தோப்புக்காரர். ஏலத்தன்று வேறு வேலையாக யூனியன் அலுவலகத்துக்குப் போனவர், கேட்க ஆளில்லாமல் கிடந்த தென்பாதியை விளையாட்டாகக் கேட்டு எடுத்துவிட்டார். அவருக்கு வலையை உதறி உலர்த்தக்கூடத் தெரியாது. தன் பரிசலில் இருந்தபடி அதைப் பார்த்துச் சூசை சிரித்துக்கொள்வான்.

அந்த ஆகஸ்டில் தோப்பில் கிளை கழித்தார்கள். எரிக்க வேண்டிய கிளைகளைத் திம்மராயன் இருபது கட்டாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் கல்லைப் பிணைத்து, பரிசலில் ஏற்றித் தென்பாதியில் அங்கங்கே முழுக்கினார். கோடையில் மாடு நிழல் தேடுவதுபோல மீனும் தேடும் என்பது அவர் கணக்கு. ஏரியைக் குப்பைமேடு ஆக்குகிறார் என்று சூசை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

தவக்காலம் வந்ததும் சிரிப்பு நின்றது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளில் வெள்ளிக்கிழமை கறி ஆகாது. பாதிரியார் குடியிருக்கும் சாமியார் பங்களாவுக்கும் கன்னியர் மடத்துக்கும் மீன்தான். அந்த மீனைக் கொடுப்பது சூசையின் தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டுக்கே உரிய வழக்கம். பூசை முடிந்ததும் சாமியார் அவன் அப்பாவின் பெயரைச் சொல்லி விசாரிப்பார். கோயிலில் அவனுக்கிருந்த மரியாதை அந்த ஒரு கூடையில்தான் இருந்தது. 1968 தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று அவன் வலையில் விழுந்தது விரல் நீளக் கெண்டை. சாமியார் பங்களாவில் சமைக்கும் குசினிக்காரர் மைக்கேல்ராஜ் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் கரையோரமாகவே நடந்து தென்பாதிக்குப் போனார். அங்கே திம்மராயனின் ஆட்கள் ஒரு கிளைக்கட்டைச் சுற்றி வலையை வளைத்து, கோலால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே பாய்ந்த விரால்கள் வலையில் புரண்டன.

அன்றிரவு சூசை தட்டின்முன் உட்கார்ந்தும் தென்பாதிக் கூடையைப் பற்றியே பேசினான். மனைவி ஆரோக்கியசெல்வி, நீயும் நாலு கிளையைப் போட்டால் என்ன என்று கேட்டுவிட்டாள். தோப்புக்காரரிடம் மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ளவா என்று அவன் எழுந்து போய்விட்டான். அதன்பின் அவன் கண் தன் வலையில் இல்லை. தென்பாதியில் எத்தனை கூடை ஏறுகிறது, எந்த வீட்டுக்குப் போகிறது என்பதே வேலையாயிற்று. மார்ச் பதினெட்டாம் தேதி கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறி, தாலுகா ஆபீசில் ஒரு மனு எழுதிப் போட்டான். கிளைகள் அழுகித் தண்ணீர் கெடுகிறது, மாடு குடிக்க ஆகாது, ஊர் நன்மை கருதித் தடுக்க வேண்டும் என்று கண்டிருந்தது. தண்ணீர் கெடவில்லை என்பது அவனுக்குத் தெரியும். தினமும் அதையே அள்ளிக் குடித்தவன்தான். மனு கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது. பரிசீலனையில் உள்ளது என்று இன்னொன்று வந்தது. பிறகு சத்தமில்லை.

அடுத்த ஆகஸ்டு வந்தது. இன்னொரு தவக்காலத்தையும் இப்படி இழந்தால் கோயிலில் முகம் காட்ட முடியாது என்று சூசை திம்மராயனின் தோப்புக்கே போய் நின்றான்.

"இன்னா சூசை, மீன் புடிக்கறவன் வூட்ல பொறந்துட்டு, மாங்கா பறிக்கறவன்கிட்ட கத்துக்க வந்துகீறியா?" என்றார் திம்மராயன்.

"அடுப்புக்குத்தாண்ணா கேக்கறேன்."

"அடுப்புக்கா? ஈரக் கிளை பொகையும்ப்பா. தண்ணியில போட்டா பொகையாது. எடுத்துக்கினு போ, வேணும்ங்கற மட்டும்."

அவர் விலை கேட்டிருந்தால் சூசைக்கு மனசு ஆறியிருக்கும். சும்மா கொடுத்தது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவர் இருபது போட்டாரா, நான் நாற்பதுக்கு மேலே போடுகிறேன் என்று நாற்பத்து நான்கு கட்டு முழுக்கினான். தன் கட்டுகளுக்கும் அந்த மனு வினையாகும் என்று அக்டோபரில் அதைத் திரும்ப வாங்கப் போனான். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா முனிராஜ், மனுக் கட்டு தருமபுரி கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டது என்றார். "அங்க போனது அங்கயே தூங்கிடும். நீ கம்முனு போய் வேலையப் பாருப்பா" என்று சொல்லியும் அனுப்பினார். சூசை அதை நம்பினான்.

1969 தவக்காலத்தின் முதல் வெள்ளி, மைக்கேல்ராஜ் வடகரையிலேயே நின்றுவிட்டார். கை நீள விரால். இரண்டாம் வெள்ளியும் அப்படியே. பூசைக்குப் பிறகு சாமியார் அவன் அப்பாவின் பெயரைச் சொன்னார். அந்த நேரத்திலும், திம்மராயனின் வலையில் எத்தனை விழுந்தது என்று யாரிடமாவது கேட்டால்தான் சூசைக்கு நிம்மதி.

மூன்றாம் வெள்ளிக்கு முதல் நாள் தருமபுரியிலிருந்து கடிதம் வந்தது. மனுதாரரின் கோரிக்கை ஏற்கப்படுகிறது. ஏரியில் முழுக்கிய கிளைகள் எல்லாவற்றையும் போட்டவர்களே முப்பது நாளுக்குள் சொந்தச் செலவில் அகற்ற வேண்டும். தவறினால் குத்தகை ரத்தாகும். நகல் தென்பாதிக் குத்தகைதாரருக்கு.

திம்மராயன் ஆள் வைத்து இரண்டே நாளில் தன் இருபதையும் எடுத்துக் கரையில் போட்டுவிட்டார். மீன் போனாலும் அவருக்கு மாம்பழம் இருந்தது. சூசைக்கு ஆள் வைக்க வழியில்லை. ஊறிக் கனத்துப்போன கட்டுகளைத் தானே முங்கி, கல் கட்டிய கயிற்றை அறுத்து, ஒவ்வொன்றாக இழுத்தான். கட்டு கலையக் கலைய விரால்கள் நாலாபக்கமும் ஓடின. தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கும்போதெல்லாம் அவன் பார்த்தது தென்கரையில் சுத்தமாகக் காய்ந்துகொண்டிருந்த அந்த இருபது கட்டுகளைத்தான். ஆள் வைத்து எடுக்கும் அந்த வசதியின்மேலும் அவனுக்குப் பொறாமை வந்தது.

திம்மராயன் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வடகரைக்கு வந்தார். சூசை இடுப்பளவு தண்ணீரில் நின்றான்.

"மனு நல்லாத்தான் எழுதிகீற சூசை. அடுத்த தபா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லு, நானும் கையெழுத்துப் போடறேன்."

சூசை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான். அடுத்த கட்டுக்கு முங்கினான். மீதித் தவக்காலம் முழுக்கச் சாமியார் பங்களாவில் கிருஷ்ணகிரிச் சந்தைக் கருவாடுதான். கிளைகளை எடுக்கச் சொன்ன அந்தக் கடைசிக் கடிதம் சூசையின் கைக்கு வந்து சேர்ந்தது 1969 மார்ச் 6, வியாழக்கிழமை.