விர்ஜில் நிரப்பாத கட்டம்

வெஸ்ட் வர்ஜீனியாவில் எங்கள் பக்கத்துத் துப்பாக்கி சுடுதளத்துக்கு வருகிற யாருக்கும் விர்ஜில் கட்லிப்பைத் தெரியும். சுரங்கத்தில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டாளம் கழித்துப்போட்ட பழைய கைத்துப்பாக்கி என்றால் மனிதருக்கு உயிர். வீட்டில் ஒன்பது வைத்திருக்கிறார், ஒன்றுகூடக் கடையில் வாங்கியதில்லை. கடையில் வாங்கினால் அரசுப் படிவம் நிரப்பிப் பின்னணி விசாரணையைத் தாண்டவேண்டும்; தெரிந்தவரிடம் வாங்கினால் எங்கள் ஊரில் படிவமும் கிடையாது, விசாரணையும் கிடையாது. சமையலறை மேசையில் காப்பி ஆறுவதற்குள் கைமாறிவிடும். கடை வாசலை மிதித்தால் விர்ஜிலுக்கு உடம்பு அரிக்கும் என்று கேலி செய்வோம். கஞ்சத்தனம் என்றே நினைத்தோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

மகள் டார்லாவைத் தனியாளாக வளர்த்தவர். அவளுக்கு நான்கு வயதில் தாய் ரெனே வீட்டைவிட்டுப் போய்விட்டாள். பெற்ற பிள்ளையைத் தூக்கியெறிந்துவிட்டுப் போனவள் என்று டார்லா வாய்க்கு வாய் சொல்வாள். விர்ஜில் ஒருநாளும் மறுத்ததில்லை.

அவருடைய அறுபத்தைந்தாவது பிறந்தநாளன்று, எங்கே போகிறோம் என்று சொல்லாமலே டார்லா அவரை ஹோபர்ட்டின் துப்பாக்கிக் கடைக்கு அழைத்துப்போனாள். ஹோபர்ட் ஒரு துண்டை விரித்து அதன்மேல் துப்பாக்கியை வைத்தார். செக் நாட்டு ராணுவத்துடையது. பல வருடமாக விர்ஜில் தேடிக்கொண்டிருந்த அதே ரகம். குழலிலும் உடலிலும் ஒரே எண், பாகம் மாற்றாத அசல். விர்ஜில் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"பணம் கட்டியாச்சுப்பா. படிவத்த நிரப்பினா போதும், நம்மளது," என்றாள் டார்லா.

விர்ஜில் துப்பாக்கியைத் துண்டின்மேல் திரும்ப வைத்தார். "வேண்டாம்மா. ஸ்பிரிங்கு தளர்ந்திருக்கு."

"இப்பத்தாண்ணே புதுசு போட்டேன்," என்றார் ஹோபர்ட், மனத்தாங்கலோடு.

"வெலையப் பாத்துப் பயப்படுறாரு. நீங்க படிவத்தக் குடுங்க, நான் பாத்துக்கறேன்," என்றாள் டார்லா.

பேனாவைக் கையில் திணித்தாள். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் எழுதினார். பிறகு கேள்விகள். வரிசையாக 'இல்லை', 'இல்லை' என்று போட்டுவந்த பேனா ஓரிடத்தில் நின்று, அந்தக் கட்டத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போனது. பொய் எழுதினால் சிறை. உண்மையை எழுதினால், அருகில் நிற்கிறவள் படிப்பாள்.

ஹோபர்ட் மேலோட்டமாகப் பார்த்தார். "ஒண்ண விட்டுட்டீங்கண்ணே."

"கண்ணாடி கொண்டு வரல. இன்னொரு நாள் வர்றேன்."

"நான் படிக்கறேன், நீங்க சொல்லுங்க," என்று டார்லா காகிதத்தை இழுத்தாள். "மனைவியையோ குடும்பத்துல ஒருத்தரையோ அடிச்ச வழக்குல எப்பவாச்சும் தண்டனை... இதெல்லாம் ஒரு கேள்வியா. இல்லைன்னு போடுங்கப்பா."

அவர் போடவில்லை. பேனாவை மூடிக் கல்லாமேல் வைத்தார். அப்படித் தண்டனை பெற்றவருக்குத் துப்பாக்கி விற்கச் சட்டம் இடம் தராது; ஹோபர்ட் அதைத் துண்டோடு சுருட்டிக் கல்லாவுக்குப் பின்னால் எடுத்துப் போனார். பிறகு ஹோபர்ட் இதையெல்லாம் சொல்லக் கேட்டதிலிருந்து விர்ஜில்மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. ஆனால் அந்த நிமிடத்தை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது.

"அம்மாவையா?" டார்லாவின் குரல் மிகவும் தணிந்திருந்தது.

"ஆமா."

"ஒரு தடவையா?"

"கோர்ட்டுக்குப் போனது ஒரு தடவ."

அவள் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

விர்ஜில் ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். காரில் முக்கால் மணி நேரத் தொலைவு.

டார்லா கார்ச் சாவியை எடுத்தாள். "ஹோபர்ட் அண்ணே, இவர நீங்க வீட்ல கொண்டுபோய் விட்டுடுங்க," என்றாள்.