என் அத்தா எதிர்க்கவில்லை

கல்லூரியில் படித்தபோது நான் கூடைப்பந்து அணியில் இருந்தேன். இருந்தேன் என்றால், பெஞ்சில் இருந்தேன். கல்லூரிகளுக்கிடையே நடந்த மாவட்டப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றோம். அந்த ஆட்டத்தின் கடைசி சில நிமிடங்களுக்கு என்னை இறக்கினார்கள். ஒரு கூடை போட்டேன். எங்கள் புள்ளிகளில் பாதிக்கு மேல் எடுத்தவள் கேப்டன். அவளுடைய அப்பா வங்கி மேலாளர். அவள் செய்த தவறு அதுதான் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஒரு யூடியூப் சேனல் நிருபர் வந்தார். கேப்டனிடம் வீட்டில் ஊக்கம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள். சின்ன வயதிலிருந்தே பயிற்சியா? ஆமாம். மைக்கை இறக்கிவிட்டார். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பிய என்னைப் பார்த்தார். "எந்த ஊரும்மா?" உத்திரமேரூர் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாளே கேமராவோடு ஊருக்கு வந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் அத்தா செருப்புக் கடை வைத்திருக்கிறார். கடையைப் பார்த்ததுமே நிருபருக்கு ஏமாற்றம். வெறுங்காலோடு ஓடிப் பழகிய பெண் என்று எழுதிவைத்திருந்தார் போல.

"பொண்ணு விளையாடப் போறதை ஆரம்பத்துல எதிர்த்திருப்பீங்களே, சார்?"

"இன்னாத்துக்கு தம்பி எதிர்க்கணும்? காலைல நான்தான வண்டில இட்டுகினு போயி வுட்றேன்."

"கொஞ்சமாவது கோவம் வந்திருக்கும்."

அத்தா நேர்மையாக யோசித்தார். "ஷூ விஷயத்துல வந்துது. இவ காலுக்கு லேடீஸ்ல சைஸே கெடைக்கல. தேடித் தேடி பேஜாராப் பூட்ச்சி."

நிருபர் டீயைக் குடித்து முடித்துவிட்டு அத்தாவின் தோளில் கைபோட்டார். "நாலு பொண்ணுங்க பார்த்து தைரியமா வெளிய வருவாங்க சார். 'மொதல்ல வேணாம்னேன், இப்போ பெருமையா இருக்கு'. ஒரே வரி." வாசலேறி வந்தவர் கேட்டால் மறுக்கத் தெரியாதவர் அத்தா. சொன்னார். இரண்டாவது டேக்கில் புருவத்தைக்கூட நெரித்தார்.

அடுத்து என்னைப் பக்கத்திலிருக்கும் பெருநகர் கிராமத்துக்குக் கூட்டிப்போய் யாருடையதோ வயல் வரப்பில் பந்தைத் தட்டிக்கொண்டே நடக்கச் சொன்னார். எங்களுக்கு வயலே கிடையாது. ஈர வரப்பில் பந்து பொத்தென்று விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மூன்று தரம் தட்டினேன், மூன்று தரம் குனிந்து எடுத்தேன். களை பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா பாப்பா, அந்தாண்ட ரோட்ல தட்டினா நல்லா எயும்புமே!"

வீடியோவில் பந்து கணீர் கணீரென்று எழும்பும் சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். தலைப்பு, 'தந்தையின் தடையைத் தாண்டிய கூடைப்பந்துப் புயல்'. நாங்கள் தோற்றதைப் பற்றி மூச்சில்லை. கேப்டன் எனக்குச் செய்தி அனுப்பினாள்: "எங்கப்பா எதிர்க்கவே இல்லடி. நான் இன்னா பண்ண?"

கல்லூரியில் பாராட்டு விழா வைத்தார்கள். அத்தாவை முதல் வரிசையில் உட்காரவைத்து, நான் அவரை எப்படி வென்றேன் என்று சிறப்பு விருந்தினர் அரை மணி நேரம் பேசினார். அத்தாவும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார். ஆனால் தலையை நிமிர்த்தவில்லை. எனக்குத் தாங்கவில்லை. மைக் கைக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்.

"எங்க அத்தா என்னை ஒருநாளும் தடுத்தது இல்ல. அந்தப் பேட்டில வந்தது பொய். நல்லா ஆடினது எங்க கேப்டன்தான்."

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சிறப்பு விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் அதே சேனலில் இரண்டாவது வீடியோ வந்தது: 'தந்தையை மன்னித்த மகள்! மேடையில் நெகிழ்ச்சி'. கேப்டனைப் பற்றிச் சொன்னதை வெட்டிவிட்டிருந்தார்கள்.

அத்தா அதை இரண்டு முறை பார்த்தார். "இன்னாத்துக்கும்மா என்ன மன்னிச்சே?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

கேப்டன் அதன்பின் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானாள். அந்தச் செய்தியைக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். என் வீடியோ இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. செருப்பு வாங்க வரும் பெண்கள் கேட்பார்கள்: "இன்னா பாய், பொம்பளப் புள்ளய வெளாட வுடாம வூட்ல அடைச்சி வச்சியாமே?" கொஞ்ச நாள் அத்தா விளக்கம் சொல்லிப் பார்த்தார். கேமரா முன்னால் அவரே சொன்னதாயிற்றே, யார் நம்புவார்கள்? இப்போதெல்லாம் மறுப்பதில்லை.

"தப்புதாம்மா," என்கிறார். "சைஸ் இன்னா?"