பகலில் வந்த அழைப்பு

வன்னியில் போர் இறுகிய மாதங்களில் அக்காவின் அழைப்பு எப்போதும் வேலைநாளில், பகலில்தான் வந்தது. அங்கே ஒரே ஒரு தொலைபேசி; அதற்குப் பலர் வரிசையில் நிற்பார்கள். அவள் முறை வரும்போது அங்கே பின்னேரம், ஒஸ்லோவில் மதியச் சாப்பாட்டு நேரம். நான் முதியோர் இல்லத்தின் சமையலறையில் நிற்பேன். மூன்று வயது மகள் நாங்கள் குடியிருந்த ட்வெய்ட்டாவில், நகரசபையின் பார்ணஹாகேயில் இருப்பாள். அந்தக் குழந்தைகள் காப்பகத்தின் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்றதால்தான் நான் வேலைக்குப் போக முடிந்தது. கணவர் தூர வடக்கே ஹம்மர்பெஸ்டில், மீன் தொழிற்சாலையில் இருந்தார்.

"அரசாங்கம் உன்ரை பிள்ளையை வளர்க்குது, நீ அரசாங்கத்தின்ரை கிழவருக்குச் சமைக்கிறாய். நல்ல பண்டமாற்றடி," என்று அக்கா சிரிப்பாள். பிறகு கேட்பாள்: "அவளின்ரை குரலை நான் எப்ப கேக்கிறது?"

மகளின் குரலை அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஒருநாள் விடுப்பு எடுத்து, மகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. மறுநாள் வேலையிடத்தில் கைபேசி அடித்தது.

"நேற்று வரிசை நகரேல்லை. எங்கை அவள்?"

"பார்ணஹாகேயிலை."

"இண்டைக்குமோ? என்னடி, உன்ரை மோளுக்கு அவ்வளவு பெரிய உத்தியோகமே?"

சமையலறைச் சுவரில் ஒரு தொலைபேசி இருந்தது. அக்காவைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அதில் காப்பகத்தை அழைத்து, மகளைக் கூப்பிடச் சொன்னேன். அவள் வந்ததும், "பெரியம்மா கதைக்கப் போறா," என்றேன். என் பழைய கைபேசியைத் தலைகீழாகத் திருப்பி, ஒன்றில் பேசுவது மற்றதில் கேட்கும்படி இரண்டையும் சேர்த்துப் பிடித்தேன். நடுவே சிறு முணுமுணுப்பு. ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. பிரித்துக் காதில் வைத்தபோது அக்காவின் இணைப்பு அறுந்திருந்தது.

மாலையில் மகளின் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு துண்டு பாண் மிஞ்சியிருந்தது.

"ஏன் சாப்பிடேல்லை?"

"பெரியம்மா என்ன சாப்பிடுறாய் எண்டு கேட்டவ. பாண் எண்டனான். தனக்கும் ஒரு துண்டு வைக்கச் சொன்னவ."

"வேறை என்ன சொன்னவ?"

"மறந்திட்டன்."

குளிக்க வார்க்கும்போது கேட்டேன், படுக்கையில் கேட்டேன். மறந்துவிட்டாள்.

அக்காவின் அழைப்பு அதன்பிறகு வரவில்லை. பெட்டியில் தினமும் ஒரு துண்டு மிஞ்சி வந்தது. பிள்ளைக்குப் பசி குறைந்துவிட்டதாகக் காப்பகத்து ஊழியர் ஒருவர் கவலையோடு சொன்னார். மறுநாளிலிருந்து நான் ஒரு துண்டு கூடுதலாக வைத்தேன்.