கரும்பு ஜூஸைப் பிடுங்கிய அம்மா

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாமல்லபுரம் கடற்கரையில் புது மனைவியோடு நின்று கரும்பு ஜூஸ் குடிக்கப் போன மாப்பிள்ளையே... நீங்கள் யாரோ, எந்த ஊரோ, எனக்குத் தெரியாது. உங்கள் வாய்க்குப் போன டம்ளரை ஒரு பெண் பிடுங்கிக்கொண்டு ஓடினாளே, அவளுக்குப் பைத்தியம் இல்லை. பின்னாலேயே "சபாஷ்! சபாஷ்!" என்று கத்திக்கொண்டு ஓடிய கண்ணாடி போட்ட பொம்பளைக்கும் இல்லை.

அந்தக் கண்ணாடி நான்தான். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும் — என் மகன் பாலாஜிக்கு ஏழு வயதில் சர்க்கரை நோய் வந்தது. டைப் ஒன். இது மிட்டாய் தின்றதால் வருவது இல்லை. உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும். அதைத் தினமும் ஊசி வழியாக நாம் உள்ளே அனுப்ப வேண்டும். அவன் இப்போது பொத்தேரியில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினீயரிங் படிக்கிறான். தானே ஊசி போட்டுக்கொள்கிறான். மெஸ் சாப்பாட்டைத் திட்டுவதும் அரியர் வைப்பதும் தவிர, அவனிடம் வேறு கோளாறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

செங்கல்பட்டில் எங்கள் டாக்டருக்கு ஒரு வழக்கம். எந்தக் குழந்தைக்காவது புதிதாக இது வந்தால், மருந்துச் சீட்டோடு என் வீட்டுக்கு வழியும் சொல்லி அனுப்பிவிடுவார். காலிங்பெல் அடிக்கும். கதவைத் திறந்தால் அழுது வீங்கிய முகத்தோடு இரண்டு பேர் நிற்பார்கள். முதலில் காபி. அப்புறம் வேண்டிய மட்டும் அழ விடுவேன். அப்புறம் ஊசி.

குழந்தைக்கு இல்லை... அவர்களுக்கு! பிள்ளைக்குப் போடக் கை நடுங்குகிறதா? முதலில் நீங்களே குத்திக்கொள்ளுங்கள். மருந்து இல்லாத வெறும் ஊசிதான், எறும்புக் கடி கூட அதைவிட வலிக்கும். அம்மாக்கள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குத்திவிடுவார்கள். இந்த அப்பாக்கள்தான்... ஒருவர், பைக்கைப் பூட்டினேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். காபி ஆறி ஏடு கட்டிய பிறகும் வரவில்லை.

அந்த விதத்தில் திருக்கழுக்குன்றத்திலிருந்து வந்த ஏகாம்பரம் தேவலை. பத்திரப்பதிவு ஆபீஸில் குமாஸ்தா. சட்டென்று குத்திக்கொண்டு, "அட, ஒண்ணுமே இல்லியே மேடம்!" என்று சிரித்தார். சிரித்த வாய் மூடாமலே சோபாவில் சாய்ந்தார். மயக்கம்! என் வீட்டுக்காரர் கையில் தண்ணீரோடு வந்தார். அவருக்கு இது பழகிப்போன டியூட்டி.

ஏகாம்பரத்தின் மனைவி வசந்திக்கு ஊசியில் பயமே இல்லை. ஆனால் அவள் வேறொரு முடிவோடு வந்திருந்தாள். ஒன்பது வயது மகள் திவ்யாவை ஸ்கூலிலிருந்து நிறுத்திவிடுவது... டி.சி. வாங்குவது என்பது வரைக்கும் போய்விட்டாள்.

"ஸ்கூல்ல யாருக்கா பாத்துப்பாங்க? எங்கனா மயங்கி வுழுந்தா? வூட்லயே வெச்சு நானே பாத்துக்கறேன்."

"எத்தனை வருஷம் வசந்தி?"

"எத்தினி வருஷமானாலும்."

எதிர் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள் திவ்யா. இதைக் கேட்டதும் கால் ஆட்டம் நின்றுவிட்டது. நோய்க்காவது இன்சுலின் இருக்கிறது. இந்தப் பயத்துக்கு எந்தக் கடையில் மருந்து வாங்குவது?

யோசிக்காமல் ஒரு பந்தயம் கட்டினேன். "எல்லோரும் ஒரு நாள் மாமல்லபுரம் போவோம். திவ்யா ஆசை தீர அலையில் ஆடட்டும். நல்லபடியாக வீடு திரும்பினால் ஸ்கூலுக்கு அனுப்புவாயா?"

வசந்தி என்னையே பார்த்தாள். "சரிக்கா. ஆனா அங்க ஏதாவது ஆச்சுன்னா, அப்புறம் நீங்க ஸ்கூல் பேச்சே எடுக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். முன்னெச்சரிக்கையாகப் பாடமும் நடத்தினேன். ஓடி ஆடினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். ரொம்ப இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், முகம் வெளுக்கும், பிள்ளை காரணமில்லாமல் எரிந்து விழும். அப்போது தாமதிக்காமல் சர்க்கரை கொடுக்க வேண்டும். 'சர்க்கரை நோய்க்குச் சர்க்கரையா?' என்று எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். ஆமாம், சர்க்கரையேதான்! ஒரு பாக்கெட் குளுக்கோஸை என் கையாலேயே வசந்தியின் பையில் வைத்தேன்.

ஆனால் இந்தப் பாடத்துக்கு ஒரு முக்கியமான ஆள் வரவில்லை. வசந்தியின் தம்பி சேகர். கடற்கரைக்குப் போகிற தெருவில் சங்கும் பாசிமணியும் விற்கிறவர். பெரிய மீசை. அக்கா மகள் என்றால் உயிர். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, "குடுக்கா, நான் தூக்கினு வரேன்" என்று பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். போகிற வழியில் அவர் கடையில் எல்லோருக்கும் மோர். திவ்யாவுக்கு ஒரு சங்கு வளையல். மாமன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நான்கூட நினைத்தேன்.

கடலைப் பார்த்ததும் திவ்யா ஓடினாள் பாருங்கள்... மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த பெண் என்று யார் சொல்வார்கள்? முழங்கால் தண்ணீரில் குதிக்கிறாள், கத்துகிறாள், அப்பாவின் மேல் தண்ணீரை வாரி அடிக்கிறாள். ஏகாம்பரம் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தானும் குதிக்கிறார். வசந்தியின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு. என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் சுண்டல் வாங்கப் போனார். பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஏகப்பட்ட மிதப்பு.

கொஞ்ச நேரத்தில் திவ்யா கரையேறி வந்து மணலில் உட்கார்ந்தாள். "என்னடா கண்ணு, போதுமா?" என்றேன். "போங்க!" என்று சீறினாள். வெளுத்த முகம். அத்தனை கடற்காற்றிலும் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை.

என்னை முந்திக்கொண்டு வசந்தி கண்டுபிடித்துவிட்டாள். "அக்கா, இவளுக்குக் கை நடுங்குது!"

"குளுக்கோஸை எடு!"

பையைக் கவிழ்த்தோம். டவல் வந்தது. சீப்பு வந்தது. மாற்று கவுன் வந்தது. குளுக்கோஸ் வரவில்லை.

"அதுவா?" என்றார் சேகர், மீசையை நீவிக்கொண்டு. "நான்தான் கடைலயே எடுத்து வெச்சுட்டேன். இன்னாக்கா நீங்க... பாப்பாவுக்கே சக்கர வியாதி, பையில குளுக்கோஸ் போட்டுகினு வர்றீங்க?"

அவரைத் திட்டக்கூட நேரமில்லை. பக்கத்தில் கலர் சோடா விற்கிறவரிடம் ஓடினேன். "சீக்கிரம் ஒரு கலர் குடுப்பா, அந்தப் பாப்பாவுக்கு!"

அவர் எட்டிப் பார்த்தார். "சேகர் அண்ணாத்த அக்கா பொண்ணா? அதுக்கு இனிப்பு ஒண்ணும் தரக் கூடாதும்மா. காலைலயே சொல்லிகீறாரு."

பஞ்சுமிட்டாய்க்காரரைப் பார்த்தேன். அவர் கம்பை என் கைக்கு எட்டாதபடி உயர்த்திப் பிடித்தார்! விஷயம் புரிந்தது. பாசக்கார மாமன் விடிந்ததும் விடியாததுமாகக் கடற்கரையில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கித் தடையுத்தரவு போட்டு வைத்திருக்கிறார்.

சேகரே மூச்சிரைக்க ஓடிவந்தார். "டேய், நான் சொல்றேன், குடுடா!"

"நீதான் அண்ணாத்த சொன்ன, நீயே வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு!"

நோயாளிக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்ல நம் ஊரில் தெருவுக்கு நூறு பேர் கிடைப்பார்கள். எதை, எப்போது கொடுக்க வேண்டும் என்று கேட்டுப்பாருங்கள்... ஒருவருக்கும் தெரியாது.

நாங்கள் இப்படிப் பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருந்தபோது வசந்தி எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கண்ணில் பட்டது கரும்பு ஜூஸ் வண்டி. அதன் முன்னால் மஞ்சள் கயிறு மாறாத மனைவியும், டம்ளரை உயர்த்திய நீங்களும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே ஓட்டம். அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கே தெரியுமே!

மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். "குடிடா தங்கம். மெதுவா... இன்னொரு வாய்." கை நடுங்கவில்லை, குரலும் நடுங்கவில்லை. வீட்டில் சர்க்கரை டப்பாவையே ஒளித்து வைத்த அம்மா அவள். பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

டம்ளர் காலியானது. மெல்ல மெல்ல முகத்தில் ரத்தம் ஓடியது. திவ்யா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு முதல் கேள்வி கேட்டாள்: "ஐஸ் போடலியாம்மா?"

சிரித்தோம் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! சேகர் மட்டும் மணலில் உட்கார்ந்து விசும்பினார். அதற்குள் கலர்க்காரர் பாட்டிலோடும், பஞ்சுமிட்டாய்க்காரர் கம்போடும் ஓடிவந்து ஆளாளுக்கு நீட்ட, "போதும், போதும், இனிமே சுண்டல்!" என்று விரட்டினாள் வசந்தி. ஏகாம்பரம் இந்தத் தடவை மயங்கி விழவில்லை. அதுவும் முன்னேற்றம்தானே?

சேகரிடம் சொன்னேன்: "அழுதது போதும். எல்லாக் கடைக்கும் மறுபடி போங்கள். இந்தப் பெண் சும்மா வந்து கேட்டால் கொடுக்காதீர்கள், வெளுத்துப்போய் வந்தால் கேட்காமலே கொடுங்கள் என்று சொல்லுங்கள்." கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் வசந்தி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். மடியில் தூங்கும் மகளின் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். என் மிதப்பு போன இடம் தெரியவில்லை. 'ஏதாவது ஆச்சுன்னா' என்றுதானே பேச்சு? ஆகிவிட்டதே! இனி எந்த முகத்தோடு ஸ்கூல் பேச்சை எடுப்பேன்? அந்தப் பெண்ணை நானே வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது போலிருந்தது. திங்கட்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஃபோன். வசந்தி.

"அக்கா, இவ தலை சுத்துதுன்றா. கரும்பு ஜூஸ் வேணுமாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "முதலில் டெஸ்ட் பண்ணு!"

"பண்ணாம இருப்பனா? மெஷின்ல நல்லாத்தான் கீது. இன்னிக்கி கணக்கு டெஸ்டாம்க்கா, அதுக்குத்தான் இந்த ஆட்டம். நேத்தெல்லாம் ஒழுங்காத்தான் போனா."

"எங்கே போனாள்?"

"இன்னாக்கா கேக்கறீங்க? ஸ்கூலுக்குத்தான்! டீச்சர் கையில குளுக்கோஸ் குடுத்து, எப்பக் குடுக்கணும்னு நானே சொல்லிட்டு வந்தேன். முன்னப் பின்ன தெரியாத ஆளு கையில இருந்து புடுங்கிட்டேன், டீச்சராண்ட பேச மாட்டனா?"

நான் பதில் சொல்வதற்குள் வசந்தி அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். வீடே அதிர்கிற குரல்: "இன்னாடி நடிப்பு? முதுகுல ரெண்டு வெச்சன்னா தலை சுத்தறது தானா நிக்கும். எடு பையை! கிளம்புடி ஸ்கூலுக்கு!"

அடுத்தவர் வீட்டுக் குழந்தை திட்டு வாங்குவதைக் கேட்டு ஆனந்தக் கண்ணீர் விட்ட பொம்பளை, செங்கல்பட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!