உருகக் கூடாத கம்பி

நடந்தவை இவை.

1. வடக்கே ஒரு கந்தகத் திராவக ஆலையில் வேலை பார்த்த என் மாமா, அங்கே உழைத்து ஓய்ந்து குப்பைக்குப் போகவிருந்த கல்நாரை ஒரு தகர டப்பாவில் கொண்டுவந்து தந்தார். அதில் வினையூக்கியாகப் பிளாட்டினம் படிந்திருந்தது.

2. பாளையங்கோட்டையில் நான் ரசாயனம் கற்பித்த பெண்கள் பள்ளியில் வைத்து, அந்தப் பிளாட்டினத்தை இராஜ திராவகத்தில் கரைத்தேன். நவச்சாரம் போட்டேன். மஞ்சள் பொடி படிந்தது. அதைச் சுட்டதும் சாம்பல் நிறப் பஞ்சு போலப் பிளாட்டினம் மிஞ்சியது.

3. டவுனில் நகை செய்யும் ஆசாரியிடம் அதைக் கொடுத்தேன். உருக்க வேண்டாம், பழுக்கக் காய்ச்சித் தட்டிக் கம்பியாக இழுத்தால் போதும் என்றேன்.

4. ஐந்தாம் நாள் கம்பி வந்தது.

5. மருத்துவமனையில் டாக்டரம்மா அதைச் சுடரில் பிடித்து, ஊதுகுழலால் ஊதினார். நுனி உருண்டு திரண்டு, சொட்டாக மேசையில் விழுந்தது.

பிளாட்டினம் அந்தச் சுடரில் உருகாது. உருகாது என்பதற்காகவே அது எங்களுக்கு வேண்டியிருந்தது. திருச்செந்தூர்த் திருவிழாவுக்குப் போய்த் திரும்பிய பலர் வயிற்றோட்டத்தோடு வந்து படுத்திருந்தார்கள். யாருக்குக் காலரா என்னும் வாந்திபேதி, யாருக்கு இல்லை என்று அறியக் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுட்டுச் சுத்தமாக்கிய கம்பியால்தான் அதைத் தொட்டு எடுக்க முடியும். பழைய கம்பி ஒடிந்துவிட்டது. உலகப் போரால் கப்பலில் புதியது வரவில்லை. கம்பி வரும்வரை வாந்திபேதி உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே கூடத்தில்தான்.

மிச்சக் கம்பியோடு ஆசாரியிடம் போனேன்.

"இதுல என்ன சேத்தீய?"

"வெள்ளிதான். நாலு பங்கு."

"உருக்க வேண்டாம்னு சொன்னேனே!"

"உருக்காம கம்பி இழுக்கச் சொல்லுதீய. அரிசிய அவிக்காம சோறு கேட்ட கதையால்லா இருக்கு! ரெண்டு நாளா ஊதுனேன் தாயி, நெஞ்சு வத்திப்போச்சு. அது அசையல. வெள்ளியப் போட்டேன், பையக் கரைஞ்சுது. பள்ளிக்கூடத்துப் பொருளாச்சேன்னு எங்கிட்ட இருந்த நல்ல வெள்ளியாப் பாத்துல்லா போட்டேன்!"

அவர் முகத்தில் பெருமை இருந்தது. எனக்குக் கோபப்பட இடமில்லை. கம்பி நான் கணக்கிட்டதைவிட நீளமாக வந்திருந்தது. மகிழ்ந்தேன், ஏன் என்று கேட்கவில்லை. நிறுத்துப் பார்க்கவும் இல்லை.

வெடியுப்புத் திராவகம் என்னும் நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரையும், பிளாட்டினம் கரையாமல் நிற்கும். மாணவிகளுக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். போட்டேன். செம்புகை எழுந்து அடங்கியதும் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு சிட்டிகை கரும்பொடி. மற்றதெல்லாம் மஞ்சள் தண்ணீர். தனியாக இருக்கையில் இந்தத் திராவகத்தில் கரையாத பிளாட்டினம், வெள்ளியோடு சேர்ந்து உருகியிருந்ததால் வெள்ளியோடு சேர்ந்தே கரைந்துபோயிருந்தது. குடுவையை இரு கைகளாலும் பிடித்துக் கீழே வைத்தேன்.

கொட்டவில்லை. உப்பைக் கரைத்து ஊற்றினேன். வெள்ளி வெண்தயிர் போலத் திரிந்து படிந்தது. வடித்த நீர் மஞ்சளாகவே இருந்தது. அதை வற்றவைத்து, மறுபடி நவச்சாரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

டாக்டரம்மா, இன்னும் எத்தனை நாள் என்று கேட்டு ஆள் அனுப்பினார். மூன்று நாள் என்று எழுதிக் கொடுத்தேன்.

அன்று மாலை மருத்துவமனையில் கம்பி இல்லை. வந்தவர்கள் எல்லாரும் ஒரே கூடத்தில் படுத்திருந்தார்கள்.