ஃபெயிலான பிறகு ஏறிய மேடை

தோல் ஒட்டும் சொல்யூஷன் வாசனை... எண்பதுகளில் தாராவியில் எங்கள் வீட்டின் வாசனை அதுதான். கீழே என் வீட்டுக்காரர் காதரின் பை தைக்கும் பட்டறை, மேலே மாடியில் நாங்கள். தபாலில் வரும் என் பி.ஏ. பாடங்களைத் திறந்தாலும் அதே வாசனைதான் அடிக்கும்.

பன்னிரண்டாவது முடித்ததும் கல்யாணம், பிறகு கைக்குழந்தை. காலேஜுக்குப் போக வழியில்லாமல் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் வழிப் படிப்பில் சேர்ந்திருந்தேன். அடுப்பில் சோறு கொதிக்கும்போது படிப்பேன். கூடப் படிப்பவர்கள் யாரென்றே தெரியாது.

முதல் வருடம் இங்கிலீஷ் பேப்பரில் ஃபெயில்.

இது நமக்குச் சரிப்படாது என்று புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்தின் ஆண்டு விழா வந்தது. பம்பாயில் இருந்த காலேஜ்களுக்கெல்லாம் போட்டிகள். எங்களைப் போன்ற அஞ்சல் வழி மாணவர்களுக்கும் ஹிந்தியில் ஒரு பேச்சுப் போட்டி. 'பல்கலைக்கழகமும் நானும்' என்பது தலைப்பு. அழைப்பைப் படித்துவிட்டு மூலையில் போட்டேன். காதர்தான் எடுத்துப் பார்த்தார்.

"ஏன் போவ மாட்டேங்குத?"

"ஃபெயிலானவ போயி என்னத்தப் பேச?"

"பேசாட்டா போவுது. பஸ்ல போவும்போதெல்லாம் அந்தப் பில்டிங்க வெளியதான பாக்குறோம்? ஒரு நாளாச்சும் உள்ள போயிப் பாத்துட்டு வருவோம். புள்ளைய நான் வச்சுக்கிடுதேன்."

சரி, படிப்பை விடுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று எனக்கும் தோன்றியது.

சயானில் லோக்கல் ரயில் பிடித்து வி.டி. ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். அந்த ஹாலுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். உயரமான வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள்... வெயில் சிவப்பும் நீலமுமாகத் தரையில் கிடந்தது. காதர் செருப்பைக் கழற்றப் போனார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மனப்பாடம் செய்ததெல்லாம் மைக்கைப் பார்த்ததும் பறந்துவிட்டது. ஹாலே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது...

பின்வரிசையிலிருந்து என் மகன், "உம்மா..." என்று வீறிட்டான்.

என்னையறியாமல் மைக்கிலேயே சொல்லிவிட்டேன். "இந்தா வாரேன் ராசா, சத்தம் போடாம வாப்பாகிட்ட இரு!"

மொழி புரியாவிட்டாலும் விஷயம் எல்லாருக்கும் புரிந்தது. ஹால் முழுக்கச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. அதோடு பயம் போய்விட்டது.

எனக்குத் தெரிந்த பம்பாய் ஹிந்தியில் உள்ளதைச் சொன்னேன். நான் இங்கிலீஷில் ஃபெயில், படிப்பை விடுமுன் இந்தக் கட்டடத்தைப் பார்க்க வந்தேன், கரண்டியும் கையுமாகத் தனியாகப் படித்தவள், கூடப் படிப்பவர் ஒருவரின் முகம்கூட எனக்குத் தெரியாது. கடைசியாக, "இங்கே என்னை மாதிரி ஃபெயிலானவர்கள் யாராவது இருந்தால், டீ குடிக்கும்போது என்னிடம் வந்து பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கைதட்டினார்கள். பரிசு கிடைக்கவில்லை.

டீக்கு நிற்கும்போது ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"நீங்க தமிழா? மைக்லயே குழந்தையைச் சமாதானம் பண்ணினேளே, அப்பவே தெரிஞ்சுடுத்து. நான் ஜெயா, மாட்டுங்கா. அதே இங்கிலீஷ் பேப்பரை நானும் கோட்டை விட்டுட்டேன். ஆத்துல யார்ட்டயும் இன்னும் சொல்லலை."

ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராம்.

"ஆபீஸ்ல இங்கிலீஷ்தான பேசுவீங்க?" என்று கேட்டேன்.

"பேசுவேன். எழுதச் சொன்னா கை வராது. நீங்க?"

"நான் எழுதிருவேன். எழுதுனது சரியான்னுதான் தெரியாது."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

வீட்டுக்கு வந்ததும் காதர் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து புத்தகங்களை இறக்கினார்.

"ஞாயித்துக்கிழம பட்டறை லீவுதான? நீ அந்தப் புள்ள வீட்டுக்குப் போயிப் படி."

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மாட்டுங்காவில் ஜெயா வீட்டில்தான். அவள் பேசப் பேச நான் எழுதுவேன். நான் எழுதியதை அவள் உரக்கப் படிப்பாள். காதுக்கு இடித்தால் அங்கே தப்பு என்று அர்த்தம். சில நாள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு தாதர் மார்க்கெட்டில் சுற்றியதும் உண்டு.

அடுத்த தேர்வில் நான் பாஸ். ஜெயா மறுபடியும் ஃபெயில். இனிமேல் எழுதமாட்டேன் என்றாள். "ஒத்தையில பாஸாகி நான் என்ன செய்யட்டும்?" என்று நான் போட்ட சண்டையில் திரும்ப எழுதினாள். பாஸானாள். கடைசியில் இரண்டு பேரும் ஒரே வருடம் சேர்ந்தே பட்டம் வாங்கினோம். நான் ஒரு ஸ்கூல் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். ஜெயாவுக்கு ஆபீஸில் பிரமோஷன்.

இப்போது பட்டறையை மூடிவிட்டு ஐரோலியில் மகனோடு இருக்கிறோம். போன வாரம் பல்கலைக்கழகத்தின் ஆண்டு விழா விளக்கு அலங்காரத்தை மருமகள் போனில் காட்டினாள். அவளும் ஆன்லைனில் எம்.ஏ. படிக்கிறாள். பாடம், பரீட்சை, ரிசல்ட் எல்லாம் கைக்குள்ளேயே. நல்லதுதான்... நான் பட்ட பாடு அவளுக்கு எதற்கு?

"கூடப் படிக்குதவங்க யாரும்மா?"

"குரூப்ல நிறைய பேர் இருக்காங்க மாமி."

"யாரு வீட்டுக்காச்சும் போயிருக்கியா?"

"ஜரூரத்தே இல்லையே மாமி... எதுக்குப் போகணும்?"

"ஞாயித்துக்கிழம வா, காட்டுதேன்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு முலுண்டில் ஜெயா இருக்கும் ஃப்ளாட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.