டிசி கேட்டு வந்தவர்

விளாங்குடிக்கு அப்பால், வயல்கள் இன்னும் வீட்டுமனை ஆகாத பக்கத்தில் இருக்கிறது எங்கள் அரசு நடுநிலைப் பள்ளி. நான் அங்கே தலைமையாசிரியை. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். எட்டாம் வகுப்புக்குள் கல்லூரியைப் பற்றி யோசிக்காத பெற்றோரைக் கண்டால் வரும். தப்பாக யோசித்து வைத்திருப்பவரைக் கண்டால் இன்னும் கூடுதலாக வரும்.

போன வருஷம் ஏழாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு ஒரு தகப்பனார் வந்தார். சிம்மக்கல்லில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். மகள் கெட்டிக்காரி. யார் கேட்டாலும் டாக்டராவேன் என்று கண் சிமிட்டாமல் சொல்வாள். அவர் அன்றைக்குச் சவாரியை விட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டு, விசேஷ வீட்டுக்குப் போகிறவர் போல வந்திருந்தார்.

“டீச்சர், பிள்ளைக்கு டிசி வேணும். எட்டாவதுக்கு பிரைவேட்ல சேக்கப் போறேன். இப்பருந்தே டாக்டருக்கு ரெடி பண்ணுவாகளாம். வாசலுக்கே வேன் வருதாம்.”

டிசி தர மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. வாய் மட்டும் இருந்தது.

“உக்காருங்கண்ணே. ஆறாவதுலருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பிள்ளைகளுக்கு டாக்டர் சீட்டுல தனி ஒதுக்கீடு இருக்கு. அதுல சேந்தா காலேஜ் பீஸையும் கவர்மென்டே கட்டிரும். நடுவுல ஒரு வருசம் மாறிட்டாலும் கிடையாது. இம்புட்டையும் விட்டுட்டு வேன்ல ஏத்தப் போறீகளா?”

அவர் அசரவில்லை. “பிள்ளைக குறைஞ்சா உங்களுக்கு போஸ்டு போயிரும். அதுக்குத்தான சொல்றீக? உங்க மக எங்க படிக்குது?”

எங்களை மடக்க ஊரே வைத்திருக்கும் கேள்வி அது. நான் மழுப்பவில்லை.

“பிரைவேட்லதான். எங்க வீட்ல ரெண்டு சம்பளம் வருது. ஒதுக்கீடு இல்லாட்டியும் சமாளிச்சுக்குவோம். உங்களால முடியுமாண்ணே?”

அவர் முகம் சுண்டிப்போனது. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றிப் பேசவில்லை. மகளுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே, அவளுக்கு வரவேண்டியதைக் கெடுக்கப் போகிற மனிதரிடம் இதமாகப் பேச எனக்குத் தெரியாது.

என் வார்த்தை எடுபடாது என்று தெரிந்ததும், எங்களிடம் படித்து, பிறகு அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போய், இப்போது மருத்துவக் கல்லூரியில் இருக்கும் மாணவிக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி ஸ்பீக்கரில் வைத்தேன்.

“டீச்சர் சொல்றது நெசந்தான் அண்ணே,” என்றாள் அவள். “என்கூட கோச்சிங்ல ஒரு பிள்ளை இருந்தா. என்னையவிட மார்க் கூட. எட்டாவது மட்டும் பிரைவேட்ல படிச்சிருந்தா. ஒதுக்கீட்டுல அவளைச் சேக்கல. வேற டிகிரிக்குப் போயிட்டா.”

அவர் மேஜை மேல் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஒரு வருசத்துக்காகவா?” என்று கேட்டார்.

“ஆமாண்ணே. அவுக அப்பா இன்னும் சொல்லிச் சொல்லி அழுவாரு.”

“சரி டீச்சர், வாரேன்” என்று எழுந்து போனார். டிசி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. அந்தக் கோடை விடுமுறை முழுக்க அவர் மகளின் நினைப்பு என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

பள்ளி திறந்த அன்று எட்டாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. உதவித்தொகைத் தேர்வுக்கு அன்றைக்கே அவள் பெயரைச் சேர்த்துவிட்டேன்.

மத்தியானம் அவரே வந்து நின்றார். வர மறுத்த ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்.

“நம்ம மாப்ளதான் டீச்சர். மகனை வேன்ல ஏத்தியே தீருவேன்னு நிக்கிறாரு. நான் பதமாச் சொன்னா கேக்கல. என்னையத் திட்டுனீகள்ல, அதே மாதிரி இவரையும் திட்டுங்க.”